பழைய எஃப்-150 பிக்கப்புல மஸ்டாங்கோட மாஸ் ஏர் சிஸ்டம்: அடிப்படையில இருந்து

ஃபோர்டு எஃப்-150 பிக்கப், அதுலயும் 1987ல இருந்து 1993 வரைக்கும் 5.0 லிட்டர் வி8 இன்ஜினோட வந்த வண்டிங்க, அமெரிக்காவுல இன்னிக்கும் நிறைய ஓடிட்டு இருக்கு. அந்த இன்ஜின்ல கை வைக்க ஆரம்பிச்ச யாருக்கும் சீக்கிரமே காதுல விழற பேச்சு மாஸ் ஏர். அதே காலத்து மஸ்டாங் கார்ல இருந்த காத்தை அளக்கற சிஸ்டத்தையும் அதோட கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து பிக்கப்புல மாட்டறதைத்தான் அப்படி சொல்றாங்க. புதுசா கேக்கறவங்க ஒரு சென்சார் மாத்தற வேலைன்னு நினைச்சு அத மட்டும் வாங்கிட்டு வந்து எந்த ஒயர்ல சொருகறதுன்னு தேடறாங்க. பிக்கப்போட பழைய கம்ப்யூட்டருக்கு அந்த சென்சார் சொல்றது புரியவே புரியாது. கம்ப்யூட்டர் கணக்கு போடற விதமே மாறணும், அது மாறினா டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை முறைப்படி பிளக்குகளுக்கு பிரிச்சு அனுப்பறது), இன்ஜெக்டர் ஒயர், ஆக்சிஜன் சென்சார் (எக்ஸாஸ்ட்ல மிச்சம் இருக்கற ஆக்சிஜனை பாக்கறது)னு வரிசையா ஒண்ணு ஒண்ணா மாறியாகணும், ஏன் மாறணும்ங்கற காரணம் புரிஞ்சிட்டா ஒயர் கட்டைப் பாத்து பயப்பட வேண்டியதில்ல.

முதல்ல இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டருக்கு என்னதான் தெரியணும்னு பாப்போம். சிலிண்டருக்குள்ள எவ்வளவு காத்து போகுது, எடையில, இது ஒண்ணு தெரிஞ்சா போதும், எவ்வளவு பெட்ரோல் விடணும்ங்கறது வகுத்தல் கணக்குதான். பெட்ரோல் முழுசா எரியறதுக்கு 1 கிராமுக்கு 14.7 கிராம் காத்து வேணும். 5.0ன்னு சொல்ற இந்த இன்ஜினோட உண்மையான அளவு சுமார் 4.94 லிட்டர். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தன் முழு அளவு காத்தை இழுக்கும், அப்ப 2000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 1000 தடவை, 4940 லிட்டர். சாதாரண வெயில்ல ஒரு லிட்டர் காத்து சுமார் 1.2 கிராம் வச்சுக்கோங்க, முழுசா நிரம்பினா 5.9 கிலோ காத்து. ஆனா எந்த சாதா இன்ஜினும் முழுசா நிரம்பாது, த்ராட்டில் முழுசா திறந்தும் 80 சதவீதம்தான் நிரம்புதுன்னா 4.7 கிலோ, 14.7ஆல வகுத்தா நிமிஷத்துக்கு சுமார் 320 கிராம் பெட்ரோல். இதுல எல்லாமே சுலபமா கிடைக்கற நம்பர்தான், அந்த 80ங்கறதைத் தவிர. அந்த 80 எங்க இருந்து வருது? இந்தக் கட்டுரையோட மொத்த விஷயமும் அதுக்குள்ளதான் இருக்கு.

பிக்கப்புல ஃபோர்டு வச்சிருந்த முறைக்கு பேரு ஸ்பீட் டென்சிட்டி. இதுல காத்தை யாரும் நேரா அளக்கறதில்ல. இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள (த்ராட்டில்ல இருந்து சிலிண்டர்களுக்கு காத்து போற குழாய்க் கூட்டம்) எவ்வளவு அழுத்தம் இருக்குன்னு மேப் சென்சார் சொல்லும், உள்ள வர்ற காத்தோட சூட்டை இன்னொரு சென்சார் சொல்லும், இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு டிஸ்ட்ரிபியூட்டர் சொல்லும். அழுத்தத்தையும் சூட்டையும் வச்சு காத்தோட அடர்த்தி தெரியும், அதுக்கு அப்புறம் இந்த அழுத்தத்துல இந்த வேகத்துல சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்பும்னு ஒரு அட்டவணை கம்ப்யூட்டர் சிப்புக்குள்ள எழுதி வச்சிருக்கும், அதைப் பாத்து பெருக்கிக்கும். அந்த அட்டவணையை ஃபோர்டு இன்ஜினியருங்க அந்தக் குறிப்பிட்ட இன்ஜினை டைனோல (இன்ஜினை ஓட்டி அளக்கற மேடை) ஓடவிட்டு எழுதினது. அதே கேம்ஷாஃப்ட் (வால்வை திறந்து மூடற தண்டு, சுருக்கமா கேம்), அதே சிலிண்டர் ஹெட், அதே எக்ஸாஸ்ட் இருக்கற வரைக்கும் ரொம்ப சரியா இருக்கும். மலை மேல ஏறினாலும் வெயில் மாறினாலும் சமாளிக்கும், ஏன்னா அழுத்தமும் சூடும் அளந்துட்டுதான் இருக்கு.

பிரச்சனை எங்க வருதுன்னா கேம்ஷாஃப்ட் மாத்தறப்ப. கொஞ்சம் பெரிய கேம் போட்டா இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்துல திறந்திருக்கற நேரம் கூடும், ஐடில்ல (த்ராட்டிலை மிதிக்காம இன்ஜின் ஓடறப்ப) எரிஞ்ச புகை மேனிஃபோல்டுக்குள்ள திரும்பி வரும், வேக்யூம், அதாவது உறிஞ்சற இழுப்பு, குறையும். மேனிஃபோல்டுல வேக்யூம் குறைஞ்சா கம்ப்யூட்டருக்கு அதோட அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான், டிரைவர் த்ராட்டிலை மிதிக்கறாரு, லோடு ஏறிடுச்சு, நிறைய காத்து வருது. உடனே பெட்ரோலை கூட்டும், உண்மையில காத்து வரவே இல்ல, இன்ஜின் பெட்ரோல்ல மூழ்கும், ஆர்பிஎம் விழும், ஐடில் வால்வு திறந்து தூக்கும், மறுபடி விழும். சிக்னல்ல நிக்கறப்ப இன்ஜின் மூச்சு வாங்கற மாதிரி ஏறி இறங்கறது இதனாலதான். ஆக்சிஜன் சென்சார் இருக்கே அது திருத்தாதான்னு கேப்பீங்க, திருத்தும், ஆனா அதுக்கு கொடுத்திருக்கற எல்லைக்குள்ளதான், அதுவும் இன்ஜின் சூடாகி மெதுவா ஓடற நேரத்துல. த்ராட்டிலை முழுசா மிதிச்சா கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரை பாக்கறதை விட்டுட்டு அட்டவணையை மட்டும்தான் நம்பும், ஹெட் மாத்தி நிறைய காத்து வர்ற இன்ஜின்ல அப்பதான் பெட்ரோல் பத்தாம போகும், பிஸ்டன் கெடறதும் அப்பதான்.

கல்யாண வீட்டு சமையலை நினைச்சுக்கோங்க. பத்திரிகை எத்தனை அடிச்சாங்க, முகூர்த்த நாளா, மழை வருமான்னு கேட்டு இவ்வளவு பேர் வருவாங்கன்னு உலை வைக்கறது ஒரு வழி, வாசல்ல ஆள் நின்னு உள்ள வர்ற தலையை எண்ணி சொல்றது இன்னொரு வழி. ஸ்பீட் டென்சிட்டி முதல் வழி, மாஸ் ஏர் ரெண்டாவது.

மாஸ் ஏர் மீட்டர் ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல உக்காந்திருக்கும், உள்ள போற எல்லா காத்தும் அத தாண்டித்தான் போகணும். அதுக்குள்ள தலைமுடி மாதிரி மெலிசா சூடேத்தின கம்பி ஒண்ணு இருக்கும், பக்கத்துலயே வர்ற காத்தோட சூட்டை பாக்கற இன்னொண்ணு. சூடான கம்பியை வர்ற காத்தை விட ஒரு குறிப்பிட்ட அளவு அதிக சூட்டுலயே வச்சிருக்கணும்ங்கறதுதான் அந்த சர்க்யூட்டோட ஒரே வேலை. காத்து வேகமா போனா கம்பி ஆறும், சர்க்யூட் கூடுதல் கரண்ட் விடும், அந்த கரண்ட்தான் அளவு. அடர்த்தியான குளிர்ந்த காத்து நல்லா ஆத்தும், மலை மேல இருக்கற மெலிஞ்ச காத்து கம்மியா ஆத்தும், அதனால கம்பியோட பதில் நேரா காத்தோட எடையாவே வந்துடும். 0ல இருந்து 5 வோல்ட்டுக்குள்ள ஒரு சிக்னல், காத்து கூடக்கூட வோல்ட் கூடும். கேம் என்ன, ஹெட் என்ன, வேக்யூம் எவ்வளவு, இதெல்லாம் மீட்டருக்கு தெரியவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனக்கு இந்த ஐடியா ரொம்ப பிடிக்கும், ஒரு ஒத்தைக் கம்பி ஆறாம இருக்க படற பாட்டை வச்சு ஒரு பெரிய வி8 எவ்வளவு மூச்சு விடுதுன்னு கிராம் கணக்குல சொல்ல முடியறது சாதாரண விஷயம் இல்ல.

இப்ப மஸ்டாங் ஏன்னு பாப்போம். மஸ்டாங் 5.0க்கு 1986ல சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வச்ச இன்ஜெக்ஷன் வந்தப்ப அதுவும் ஸ்பீட் டென்சிட்டிதான். 1988ல கலிஃபோர்னியாவுல வித்த கார்களுக்கு மாஸ் ஏர் வந்துச்சு, 1989ல இருந்து எல்லா மஸ்டாங் 5.0க்கும். பழைய மஸ்டாங் வச்சிருந்தவங்களுக்காக ஃபோர்டு மோட்டார்ஸ்போர்ட்டே மாத்திக்கற கிட் வித்துச்சு, அதனால இந்த வேலை ஏதோ கொல்லைப்பக்கத்து வித்தை இல்ல, கம்பெனியே காட்டிக் கொடுத்த வழி. பிக்கப்புக்கு மட்டும் ஃபோர்டு ரொம்ப நாள் ஸ்பீட் டென்சிட்டியையே வச்சிருந்தது, 240 குதிரைத்திறனோட 1993ல வந்த எஃப்-150 லைட்னிங் கூட ஸ்பீட் டென்சிட்டிதான், 1996 மாடல் வந்தப்பதான் எஃப்-150 எல்லாமே மாஸ் ஏருக்கு வந்துச்சு. லைட்னிங்கை ஏன் சொல்றேன்னா, ஸ்பீட் டென்சிட்டி மட்டமான முறைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இன்ஜினும் அட்டவணையும் பொருந்தி இருந்தா அது அருமையா ஓடும். நாம இன்ஜினை மாத்திட்டு அட்டவணையை மாத்த முடியாம நிக்கறப்பதான் மாஸ் ஏர் கைகொடுக்குது.

ரெண்டு வண்டியிலயும் கம்ப்யூட்டர் ஃபோர்டோட ஈஈசி-4 குடும்பம், 60 பின் இருக்கற ஒரே மாதிரி கனெக்டர், நடுவுல 10 எம்எம் போல்ட் ஒண்ணு பிடிச்சிருக்கும். மஸ்டாங் மேனுவல் கியர் கார்ல வந்த கம்ப்யூட்டர் மேல ஏ9எல்னு எழுதியிருக்கும், ஆட்டோமேட்டிக் கார்ல ஏ9பி (A9P). பிக்கப்பு சாக்கெட்ல ஏ9எல் அழகா போய் உக்காரும், அதுதான் ஆபத்தும். உக்காருதுங்கறதுக்காக சாவியைப் போட்டுடாதீங்க, பின் எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம் இல்ல. பிக்கப்பு ஒயரிங்கையும் மஸ்டாங் ஒயரிங்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பின் பின்னா ஒப்பிட்டு பாத்து, மாறற பின்னை கனெக்டர்ல இருந்து உருவி சரியான இடத்துல சொருகறதுதான் இந்த வேலையோட முக்கால்வாசி.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, உங்க வண்டில என்ன கியர்பாக்ஸ்? மேனுவலா இருந்தாலோ, சி6, ஏஓடி மாதிரி ஆயில் பிரஷர்லயே கியர் மாத்தற பழைய ஆட்டோமேட்டிக்கா இருந்தாலோ கவலை இல்ல. ஆனா ஈ4ஓடி ஆட்டோமேட்டிக் இருக்கற வண்டின்னா அந்த கியர்பாக்ஸை ஓட்டறதே இன்ஜின் கம்ப்யூட்டர்தான், எப்ப கியர் மாத்தணும், லைன் பிரஷர் எவ்வளவுங்கறது வரைக்கும். மஸ்டாங் கம்ப்யூட்டருக்கு ஈ4ஓடின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஏ9எல்லை மாட்டினா இன்ஜின் பிரமாதமா ஸ்டார்ட் ஆகும், கியர்பாக்ஸ் அனாதையா நிக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு கியர்பாக்ஸுக்குன்னு தனி கன்ட்ரோலர் வாங்கணும், இல்லன்னா மாஸ் ஏரும் ஈ4ஓடியும் சேந்து வந்த பிக்கப்பு கம்ப்யூட்டரை தேடணும். பழைய பார்ட்ஸ் தேடி ஜங்க்யார்டுக்கு போறதுக்கு முன்னாடி டோர்ல இருக்கற ஸ்டிக்கர்ல கியர்பாக்ஸ் கோடு என்னன்னு பாத்துடுங்க.

அடுத்தது இன்ஜெக்டர். பிக்கப்பு கம்ப்யூட்டர் எட்டு இன்ஜெக்டரையும் நாலு நாலா ரெண்டு கூட்டமா பிரிச்சு ஒரு கூட்டத்தை ஒரே நேரத்துல திறக்கும், அதனால கம்ப்யூட்டர்ல இருந்து ரெண்டே ரெண்டு ஒயர். மஸ்டாங் கம்ப்யூட்டர் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் தனித்தனியா, அந்தந்த சிலிண்டரோட முறை வர்றப்ப திறக்கும். அப்ப எட்டு ஒயர் வேணும், அதாவது இன்ஜினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஆறு ஒயர் புதுசா இழுக்கணும்.

தனித்தனியா திறக்கணும்னா இப்ப எந்த சிலிண்டரோட முறைன்னு தெரியணும் இல்லையா, அங்கதான் டிஸ்ட்ரிபியூட்டர் வருது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எட்டு தகடு வச்ச ஒரு சக்கரம் சுத்தும், ஒவ்வொரு தகடும் ஒரு ஹால் சென்சாரை தாண்டறப்ப கம்ப்யூட்டருக்கு ஒரு துடிப்பு போகும். பிக்கப்புல எட்டும் ஒரே அகலம், ஒரு சிலிண்டர் வந்துச்சுன்னு மட்டும் தெரியும், எதுன்னு தெரியாது, ரெண்டு கூட்டமா விடறதுக்கு அது போதும். மஸ்டாங்ல ஒரு தகடு மட்டும் குறுகலா இருக்கும், அதான் ஒண்ணாம் நம்பர் சிலிண்டருக்கு அடையாளம். அந்த குறுகல் தகடு இல்லாம ஏ9எல்லை ஓட்டினா இன்ஜெக்டர் முறை எங்க ஆரம்பிக்குதுன்னு அதுக்கு தெரியாது, வண்டி ஓடும், ஆனா எல்லா இன்ஜெக்டரும் தப்பான நேரத்துல திறக்கும். அதனால மஸ்டாங் டிஸ்ட்ரிபியூட்டர் வேணும், அடியில இருக்கற பல்சக்கரம் உங்க கேமோட உலோகத்துக்கு பொருந்தணும், ரோலர் கேமுக்கு ஸ்டீல், பழைய ஃபிளாட் டாப்பெட் கேமுக்கு வார்ப்பிரும்பு, மாத்தி போட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். இதே பிக்கப்புல வந்த பெரிய 5.8 லிட்டர் இன்ஜின் வச்சிருக்கறவங்களுக்கு மஸ்டாங் டிஸ்ட்ரிபியூட்டர் அப்படியே இறங்காது, பிளாக் உயரமும் வேற, ஆயில் பம்ப் ஷாஃப்ட்டும் தடிமன் வேற, அவங்க தங்களோட டிஸ்ட்ரிபியூட்டரை பிரிச்சு உள்ள இருக்கற சக்கரத்தை மட்டும் மாத்தணும். இக்னிஷன் மாட்யூலையும் கவனிங்க, ஏ9எல்லுக்கு சாம்பல் நிற டிஎஃப்ஐ மாட்யூல், பின்னாடி வந்த சில பிக்கப்புல கறுப்பு இருக்கும், ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் வேலை வேற.

இதோட ஒட்டிக்கிட்டு வர்ற விஷயம் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க வெடிக்கற வரிசை, எனக்கு தெரிஞ்சு ரொம்ப பேர் தடுமாறற இடம் இதுதான். மஸ்டாங்ல வந்த ஹெச்ஓ (ஹை அவுட்புட்) இன்ஜின் 1-3-7-2-6-5-4-8ங்கற வரிசையில வெடிக்கும். பிக்கப்போட சாதா 5.0 கேம் 1-5-4-2-6-3-7-8. ஏ9எல் தன் வரிசையிலதான் இன்ஜெக்டரை திறக்கும், உங்க கேம் வேற வரிசைன்னு அதுக்கு யாரும் சொல்லல. ரெண்டு வரிசையையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதிப் பாருங்க, 1, 2, 6, 8 நாலும் அதே இடத்துல இருக்கு, மாறறது மத்த நாலுதான். கம்ப்யூட்டரோட 3ஆம் நம்பர் இன்ஜெக்டர் ஒயர் உங்க 5ஆவது சிலிண்டருக்கு போகணும், 7 போட்டிருக்கற ஒயர் 4க்கு, 5 போட்டிருக்கறது 3க்கு, 4 போட்டிருக்கறது 7க்கு. ஒரு பேப்பர்ல எழுதி ஹூடுக்கு அடியில ஒட்டி வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சு வேற யாராவது இந்த இன்ஜினைத் திறந்தா உங்களுக்கு கும்பிடு போடுவாங்க. 5.8க்கு இந்த தலைவலி இல்ல, அது பிறப்பிலேயே ஹெச்ஓ வரிசை. 5.0லயும் எப்படியும் கேம் மாத்தத்தான் போறீங்கன்னா ஹெச்ஓ வரிசை கேமையே வாங்கிடுங்க, பிளக் ஒயரை அந்த வரிசைக்கு மாத்தினா இன்ஜெக்டர் ஒயரெல்லாம் நம்பர்படியே போயிடும். அதுல இன்னொரு நன்மையும் இருக்கு, அது ஆக்சிஜன் சென்சார் சம்பந்தப்பட்டது.

பிக்கப்புல ரெண்டு பக்கத்து எக்ஸாஸ்டும் சேர்ற இடத்துல ஒரே ஒரு ஆக்சிஜன் சென்சார். மஸ்டாங்ல வலது பக்கத்துக்கு ஒண்ணு, இடது பக்கத்துக்கு ஒண்ணு, கம்ப்யூட்டர் 1ல இருந்து 4 வரைக்கும் உள்ள இன்ஜெக்டரை வலது சென்சார் பாத்து திருத்தும், 5ல இருந்து 8 வரைக்கும் இடது சென்சார் பாத்து. அப்ப பைப்புல ரெண்டு பக்கமும் தனித்தனியா, சேர்ற இடத்துக்கு முன்னாடி சென்சார் மாட்ட வெல்டு வைக்கணும். மேல சொன்ன மாதிரி இன்ஜெக்டர் ஒயரை மாத்தி போட்டிருந்தா கம்ப்யூட்டரோட 3ம் 4ம் இடது பக்கத்துக்கு போயிடும், 5ம் 7ம் வலது பக்கத்துக்கு வந்துடும், ஒரு பக்கத்து சென்சார் சொல்றதுல பாதி இன்னொரு பக்கத்துக்கு போய் சேரும். இன்ஜின் நல்ல நிலையில இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் எரியும், வித்தியாசம் பெருசா தெரியாது, ஆனா ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் லீக் இருந்தா தப்பு ரெண்டு பக்கமும் பரவும்.

இப்ப மீட்டரை எங்க வைக்கறதுன்னு வருவோம். பிக்கப்போட த்ராட்டில் பாடிக்கு ரெண்டு வாய், ஏர் பாக்ஸ்ல இருந்து ரெண்டு ரப்பர் குழாய் தனித்தனியா வரும். மஸ்டாங்கோட 55 எம்எம் மீட்டர் ஒண்ணை இதுல ஒரு குழாய்ல வச்சா பாதி காத்து கணக்குல வராம போயிடும், அதனால காத்து ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி வைக்கணும். இதுக்கு சுலபமான வழி, மாஸ் ஏரோட வந்த 1996 எஃப்-150ல இருந்து ஏர் பாக்ஸையும் குழாயையும் எடுத்துக்கறது, அதே ஹூடுக்கு அடியில பொருந்தறதுக்குன்னு ஃபோர்டே செஞ்சது. அதோட வர்ற மீட்டரை மட்டும் அப்படியே போட்டுடாதீங்க, ஏ9எல்லுக்கு தெரிஞ்சது மஸ்டாங் மீட்டரோட வோல்ட் கணக்குதான், வேற மீட்டர் அதே வோல்ட்டுக்கு வேற எடையை குறிக்கும். மீட்டருக்கு நாலு ஒயர், 12 வோல்ட் ஒண்ணு, பவர் கிரவுண்ட் ஒண்ணு, சிக்னல் கம்ப்யூட்டரோட 50ஆவது பின்னுக்கு, சிக்னல் ரிட்டர்ன் 9ஆவது பின்னுக்கு. ரிட்டர்ன் ஒயரை சோம்பேறித்தனமா பாடில அடிச்சுடாதீங்க, சின்ன வோல்ட் வித்தியாசத்தைத்தான் கம்ப்யூட்டர் எடையா படிக்குது, பாடி கிரவுண்ட்ல வர்ற இரைச்சலும் அதுல சேந்துடும்.

மீட்டர் வச்ச பிறகு ஒரு புது ஒழுக்கம் வருது. ஸ்பீட் டென்சிட்டில எங்கயாவது வேக்யூம் லீக் இருந்தா மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், மேப் சென்சார் அத பாத்து பெட்ரோலும் கூட்டிடும், ஐடில் மட்டும் கொஞ்சம் ஏறும். மாஸ் ஏர்ல அப்படி மன்னிப்பு கிடையாது, மீட்டரைத் தாண்டாம உள்ள போற ஒவ்வொரு துளி காத்தும் கம்ப்யூட்டருக்கு தெரியாத காத்து. எல்லாரும் மறக்கற இடம் வால்வ் கவர்ல ஆயில் ஊத்தற மூடி. கிராங்க்கேஸ் ஆவியை பிசிவி வால்வு இன்டேக்குக்குள்ள இழுக்கும், அதுக்கு பதிலா உள்ள போற காத்து அந்த மூடி பக்கமா வரும். அந்த மூச்சுக் குழாயை மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கற குழாய்ல இருந்துதான் எடுக்கணும். அங்க அழகுக்கு சின்ன ஃபில்டர் வச்ச மூடி போட்டா அது வழியா அளக்காத காத்து போய்ட்டே இருக்கும், ஐடில்ல பெட்ரோல் பத்தாம இன்ஜின் திணறும்.

மேப் சென்சாரை தூக்கிப் போட்டுடாதீங்க. மஸ்டாங்லயும் அதே மாதிரி சென்சார் இருக்கு, ஆனா அதுக்கு வேக்யூம் குழாய் கிடையாது, வெளிக்காத்தோட அழுத்தத்தை பாக்கற பாரோமீட்டரா இருக்கும். பிக்கப்புல இருக்கறதோட ரப்பர் குழாயை மட்டும் பிடுங்கிட்டு, மேனிஃபோல்டு பக்கத்து முனையை அடைச்சுட்டு, சென்சார் பக்கத்து மூக்கை திறந்து விடணும். அந்த மூக்கையும் சேத்து அடைச்சுட்டா உள்ள மாட்டிக்கிட்ட காத்து சூடாகி மலை மேல இருக்கோமா கடலோரமா இருக்கோமான்னு கம்ப்யூட்டருக்கு தப்பு தப்பா சொல்லும். ஃபோர்டோட இந்த சென்சார் வோல்ட்டா பேசாது, துடிப்பா பேசும், கடல் மட்டத்துல இன்ஜின் ஓடாம சாவி மட்டும் போட்டா சுமார் 159 ஹெர்ட்ஸ் வரணும், மல்டிமீட்டரை ஹெர்ட்ஸ்ல வச்சு பாருங்க.

இன்ஜெக்டர் அளவைப் பத்தி கடைகள்ல ஒரு விஷயம் ரொம்ப வருஷமா விக்கறாங்க, அத தெரிஞ்சு வச்சுக்கணும். மஸ்டாங் கம்ப்யூட்டர் மணிக்கு 19 பவுண்டு இன்ஜெக்டர்னு நினைச்சு கணக்கு போடும். பவர் கூட்டினவங்க 24 பவுண்டோ 30 பவுண்டோ போடுவாங்க, அதுக்கு பொருத்தமா அளவு மாத்தின மீட்டர்னு ஒண்ணு கிடைக்கும், காத்து வர்றதைவிட கம்மியா வருதுன்னு வேணும்னே பொய் சொல்ற மீட்டர். பெரிய இன்ஜெக்டர், கம்மி காத்து, ரெண்டும் கழிஞ்சு பெட்ரோல் சரியா வந்துடும். ஆனா இக்னிஷன் டைமிங்கையும் அதே காத்து கணக்கை வச்சுதான் கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது, லோடு கம்மின்னு நினைச்சு ஸ்பார்க்கை ரொம்ப முன்னாடியே கொடுக்கும், பாரம் ஏத்தின பிக்கப்பு மேட்டுல ஏறறப்ப நாக்கிங் (பெட்ரோல் தப்பா வெடிச்சு வர்ற தட்டற சத்தம்) வரும். என்னோட கருத்து, பாரம் இழுக்கற வண்டிக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம், மீட்டர் உண்மையை சொல்லட்டும், இன்ஜெக்டர் அளவை கம்ப்யூட்டர்ல ட்யூன் சிப் போட்டு மாத்துங்க. 225 குதிரைத்திறன் மஸ்டாங்குக்கு 19 பவுண்டு போதுமா இருந்துச்சுங்கறப்ப லேசா கேம் மாத்தின பிக்கப்பு 5.0க்கும் அது போதும். 5.8ல சுமார் 16 சதவீதம் பெரிய இன்ஜின், மேல்வேகத்துல இன்ஜெக்டர் சீக்கிரமே எல்லையைத் தொட்டுடும், அங்க யோசிக்கணும்.

எல்லாம் கேட்டுட்டு எல்லாரும் பண்ணலாமான்னா, கேமும் ஹெட்டும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கற வண்டிக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். பவர் கூடாது, மைலேஜும் சொல்லிக்கற அளவுக்கு கூடாது, 30 வருஷத்து ஒயரைத் தொட்டு ஒடிச்சதுதான் மிச்சம். கலிஃபோர்னியா மாதிரி ஸ்மாக் செக்ல (புகை சோதனை) ஹூடைத் திறந்து கண்ணால பாக்கற ஊர்கள்ல இருக்கறவங்க முதல்ல சட்டத்தைப் பாத்துட்டு பார்ட்ஸ் வாங்குங்க. கேம், ஹெட், இன்டேக்னு இன்ஜினை மாத்தறவங்களுக்கு, அதுலயும் மேனுவல் கியர் வண்டிக்கு, இதைவிட நல்ல வழி அந்த காலத்து பார்ட்ஸ்ல இல்ல.

ஸ்டார்ட் பண்ற நாள்ல டிஸ்ட்ரிபியூட்டரை கழட்டி மாட்டினதால டைமிங் முதல்ல இருந்து வைக்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து ஒயர்ல ஸ்பவுட்னு ஒரு சின்ன சொருகல் இருக்கும், அத உருவினா கம்ப்யூட்டர் டைமிங்கை விட்டு ஒதுங்கிக்கும், டைமிங் லைட்ல பிஸ்டன் மேல் நிலைக்கு வர்றதுக்கு 10 டிகிரி முன்னாடி வச்சு இறுக்கிட்டு ஸ்பவுட்டை மறக்காம திருப்பி சொருகுங்க. அப்புறம் செல்ஃப் டெஸ்ட், அதாவது கம்ப்யூட்டரே சோதிச்சுப் பாத்து முடிவை கோடு நம்பரா சொல்றது, முதல்ல இன்ஜின் ஓடாம. 11 வந்தா எல்லாம் சரி. 66 வந்தா மீட்டர் சிக்னல் வரவே இல்ல, 50ஆவது பின்னையும் 12 வோல்ட்டையும் பாருங்க. 22ன்னா அந்த பாரோமீட்டர். இன்ஜின் ஓடறப்ப 41ம் 91ம் சேந்து வந்தா ரெண்டு பக்கமும் பெட்ரோல் பத்தல, மேல சொன்ன மூச்சுக் குழாயையும் ரப்பர் குழாய் கிளாம்ப்பையும் முதல்ல பாருங்க, கம்ப்யூட்டரை அப்புறம் சந்தேகப்படலாம்.

தனித்தனி இன்ஜெக்டர் வந்ததால பிக்கப்புல முன்னாடி இல்லாத ஒரு வசதியும் கிடைக்குது. ஓடறப்ப செய்யற டெஸ்ட் முடிஞ்சதும் த்ராட்டிலை லேசா ஒரு தடவை தட்டினா கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை ஒவ்வொண்ணா நிறுத்தி எந்த சிலிண்டரை நிறுத்தினா ஆர்பிஎம் விழலன்னு பாக்கும், 90 வந்தா எட்டும் நல்லா வேலை செய்யுது, 10ல இருந்து 80 வரைக்கும் வந்தா அதோட முதல் இலக்கம்தான் சோம்பேறி சிலிண்டரோட நம்பர். பழைய பிக்கப்பு கேமை வச்சுக்கிட்டு ஒயரை மாத்தினவங்களுக்கு மட்டும், 30 வந்தா 5ஆவது சிலிண்டரோட பிளக்கை கழட்டுங்க, 3ஆவதை இல்ல.